செருப்புக்குக் காவல்

அன்றைக்குப் பேரூராட்சிக் கூட்ட அறையில் இருந்தவர்கள்: தலைவரம்மா, அவர் பக்கத்து உறுப்பினர்கள் ஆறு பேர், துணைத் தலைவர், அவர் பக்கம் என்னையும் சேர்த்து மூன்று பேர், எதிர்க்கட்சியார் நான்கு பேர், செயல் அலுவலர், தீர்மானம் எழுதும் எழுத்தர். வேறு யாரும் இல்லை.

மொத்தம் பதினைந்து ஓட்டு. அதில் பதினொன்று எங்கள் கட்சி. இருந்தும் பல கூட்டமாக ஒரு தீர்மானமும் நிறைவேறவில்லை. தலைவர் நாற்காலி தனக்கு வரவேண்டியது என்று துணைத் தலைவருக்கு ஆத்திரம். தலைவரம்மா எதைக் கொண்டுவந்தாலும் நாங்கள் நாலு பேரும் எதிர்க்கட்சியோடு சேர்ந்து கை தூக்குவோம். ஏழுக்கு எட்டு. தோற்றுப்போகும்.

அப்படித் தோற்றதில் என் வார்டு மோட்டாரும் ஒன்று. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோன பிறகு, லாரித் தண்ணீருக்குக் காத்து நின்ற பெண்கள் பட்டாசுக் கம்பெனி வேனைத் தவறவிட்டார்கள். தீபாவளி சீசன், வேன் போனால் அன்றைய கூலி போச்சு. அந்த லாரி துணைத் தலைவருடையது. என் பேரில் கடனுக்குத்தான் தண்ணீர் விட்டார். ஓட்டு நம்ம பக்கம் இருக்கும்போது துட்டுக்கு என்ன அவசரம் என்பார். நான் ஏழாவதோடு நின்றவள். கூட்டல் கழித்தல் வரும். ஆனாலும் இந்தக் கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை.

கூட்டத்துக்கு முன் எங்களை வேனில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். யாரும் பக்கம் மாறக்கூடாது என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய ஏற்பாடு. என் வீட்டார் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். "நீங்க உள்ள வர வேண்டாம் மதினி, செருப்பைப் பாத்துக்கிடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். மூன்று ஜோடி செருப்போடு வெயிலில் நின்றேன். என்னிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லை என்பது வேன் சாத்தூரைத் தாண்டும்போதுதான் உறைத்தது.

கூட்டத்தில் மோட்டார் தீர்மானம் மறுபடி வந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார் தலைவரம்மா. ஏழு கைகள். என் கை முந்தானையைப் பிடித்துப் பிடித்து ஈரமாகியிருந்தது. மாதாவே என்று முனகிக்கொண்டு தூக்கினேன். செயல் அலுவலர் முதலிலிருந்து மறுபடி எண்ணினார். எட்டு. எழுத்தர் என்னையும் துணைத் தலைவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தார்.

துணைத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"செருப்புக்குக் காவல் வச்சோம். அதாலேயே அடிச்சிட்டீகளே மதினி."

எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார்.

"சூடம் அணைச்சது நீங்க மூணு பேரு. நான் தண்ணி கேட்டுல்லா வந்தவ" என்றேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"சரி. அப்ப லாரித் துட்டை எடுத்து வைங்க."

மோட்டார் வந்துவிட்டது. என் தெருவில் இப்போது யாரும் வேனைத் தவறவிடுவதில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் எந்தக் கை எந்தப் பக்கம் போகுமோ என்று இன்றைக்கே எனக்குப் படபடப்பு. லாரித் துட்டுக்குத் தீர்மானம் எதுவும் கிடையாது, அது என் தலையில்தான். சீட்டுப் பணத்தை எடுத்துப் பாதி கொடுத்தேன். பதினோராயிரத்து நானூறு ரூபாய் இன்னும் நிற்கிறது.