நாய்க்கும் புரட்டாசி

மெர்டேக்கா, அதான் சுதந்திர தினம், கொண்டாடிய கையோடு புரட்டாசியும் பிறந்துவிட்டது. புரட்டாசி என்றால் என் வீட்டுக்காரருக்கு வேறு உலகமே கிடையாது. காஜா பெராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்குள் அந்த மாதம் முழுக்கக் கருவாட்டு வாசனைகூட நுழையக் கூடாது. எனக்கு அதெல்லாம் பழகிப்போயிருந்தது. ஆனால் அந்த வருஷம் நாங்கள் வளர்த்த நாயையும் விரதத்தில் சேர்த்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இந்த வீட்டுல எல்லாருக்கும் ஒரே சாப்பாடுதான்," என்றார்.

"ஏங்க, பெருமாளுக்கு வேண்டிக்கிட்டது நீங்க. அது என்னா பாவம் பண்ணுச்சு?"

"சும்மா இருலா. புண்ணியம் அதுக்கும் சேரட்டும்."

அதுவரை அவித்த மீனும் சோறும் தின்ற நாய்க்கு அன்றிலிருந்து சின்ன வெங்காய சாம்பார். வெங்காயத்துக்கு மட்டும் அவர் விரதத்தில் தடையில்லை. சாம்பாரில் கிடக்கும் வெங்காயத்தையெல்லாம் பொறுக்கி, சோற்றோடு பிசைந்து, தன் கையாலேயே ஊட்டுவார். அந்தக் கழுதையும் தட்டை நக்கித் தீர்க்கும். "பாத்தியா? என்னமோ பேசினியே!" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பாதி மாதம் ஓடியிருக்கும். ஒரு நாள் காலையில் நாய் எழுந்திருக்கவில்லை. ஈறு வெளுத்திருந்தது, மூத்திரம் காப்பி நிறத்தில் போயிற்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடக் கூப்பிட வால் மட்டும் லேசாக அசைந்தது. பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. அவர் முகத்தைப் பார்த்ததும் நான் தெருவுக்கு ஓடினேன். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் பெச்சாக்காரரைக் கூப்பிட்டு, நாயை மடியில் போட்டுக்கொண்டு மிருக டாக்டரிடம் போனோம்.

டாக்டர் தமிழர்தான். என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். இவர் பெருமையாகவே சொன்னார்.

"வெங்காயமா? ஐயா, நாய்க்கு அது விஷம். ரத்தத்தையே கெடுத்துடும். பூண்டையும் கிட்ட காட்டாதீங்க. உப்பு, மிளகா எதுவும் வேணாம். மீனை வெறும் தண்ணியில அவிச்சு, முள்ளெடுத்து, சோத்துல பிசைஞ்சு குடுங்க. கொஞ்சம் ஈரலும் போடுங்க. இல்லாட்டி பொழைக்காது."

வழியெல்லாம் அவர் நாயின் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். 'அப்பவே சொன்னேனே' என்று நாக்கு நுனிவரை வந்ததை நான் முழுங்கிக்கொண்டேன். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்!

மறுநாள் அவரே மார்க்கெட்டுக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்கிவந்தார், பொட்டலத்தைக் கை நீட்டிப் பிடித்தபடி. பரம்பரையாகத் தமிழ் மறந்து மலாயே பேசும் பக்கத்து வீட்டுச் செட்டி அக்காவிடம் மலாயில் கேட்டு ஒரு பழைய சட்டி வாங்கினார். கொல்லையில் கரி அடுப்பு மூட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டே அவித்து, முள்ளெடுக்க உட்கார்ந்தார்.

"குடுங்க, நான் செய்றேன்," என்றேன்.

"வேணாம். வெங்காயத்தை ஊட்டுன கை இது. இதுவே ஊட்டட்டும்."

ஊட்டி முடித்துத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாமி அறைக்குள் போவார். தினமும் இதே கதை.

கடைசிச் சனிக்கிழமை. குளித்து, நாமம் போட்டு, மாவிளக்கு ஏற்றி, கற்பூரத் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். படுத்தே கிடந்த நாய் தள்ளாடித் தள்ளாடி நடந்து வந்து அறை வாசலில் நின்றது. தட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் அதை அப்படியே கட்டிக்கொண்டார். நாமமெல்லாம் நாயின் தலையில் ஒட்டிக்கொண்டது.

"என்னங்க, பூசை..."

"இருலா," என்றார் அழுதுகொண்டே. "பெருமாள் எங்கயும் போயிட மாட்டாரு."