இருக்கைக்குக் கீழே ஒரு நீல லீவர்

அந்த லீவர் என் சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இருக்காது. நீல நிறம். மலைச் சைக்கிளின் இருக்கைக்குக் கீழே, சற்று முன்னால், அதிர்வைத் தாங்கும் பின் ஷாக்கின் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டிக்கொண்டே கையைக் கீழே விட்டால் பெருவிரலுக்கு அகப்படும். மேடு ஏறும்போது அதை மூட வேண்டும். மூடினால் ஷாக் இறுகிக்கொள்ளும், மிதிக்கிற மிதி வீணாகாது. இறங்குவதற்கு முன் மறக்காமல் திறந்துவிட வேண்டும். திறந்தால்தான் கல்லிலும் வேரிலும் பின்சக்கரம் அமுங்கி எழும், ஆளைத் தூக்கி எறியாது. திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எட்டு வருடமாக அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் பிளாட்டில் கேஸ் அடுப்பின் குமிழைத் திருப்பினால்கூட அதே சத்தம்தான் கேட்கிறது.

கேஸ் அடுப்பு என்றதும் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டி, லிஃப்டில் கீழே போய், ரயில் நிலையம் வரை நடந்த பிறகு, அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகத்தில் மறுபடி மேலே ஏறி வருகிறவள். கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் வேலை. அடுத்தவர்கள் நிரப்பிய பத்திரங்களில் பிழை இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். எனக்கு ஏற்ற வேலையைத்தான் கடவுள் கொடுத்திருக்கிறார். இப்படிப்பட்ட ஒருத்தி கல்லும் சேறுமான காட்டுத் தடத்தில் சைக்கிள் ஓட்டப் போனாள் என்றால் அதற்கு ஒரே காரணம் அண்ணி.

அண்ணி என் அண்ணனின் மனைவி. கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் நர்ஸ். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே எங்கள் வீட்டு ஹாலில் இருந்த சோபாவை யாரையும் கேட்காமல் எதிர்ச் சுவருக்கு மாற்றிப் போட்டவர். அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போனது, ஆனால் அன்று மாலையே ஹாலுக்குள் காற்று வந்தது. எதையும் ஒரு பார்வையில் முடிவெடுப்பார். பாசாரில் நான் செவுளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் மீனை வாங்கி, வெட்டி, பையில் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். நோயாளியின் கையில் நரம்பு தேடுவதும் அப்படித்தானாம். ஒரே குத்து, சரியாக உள்ளே போய்விடும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலை இடத்துத் தோழி ஒருத்தி இரவல் கொடுத்த சைக்கிளில் ஒரு நாள் மலையேறிவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. "நாள் பூரா அடுத்தவங்க ரத்தம் சுத்துறதப் பாத்துக்கிட்டு இருக்கேன் பாப்பா. ஞாயித்துக்கெழமையாவது என் ரத்தம் சுத்தட்டும் லா" என்பார். நாற்பதைத் தாண்டியும் அந்த வீட்டில் நான் பாப்பாதான்.

அண்ணிக்குச் சொந்தமாகச் சைக்கிள் வாங்க வேண்டும் என்று வந்தபோது கிள்ளானில் ஒரு கடையில் இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்தோம். இரண்டுக்கும் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன். சாம்பல் நிற வண்டிக்குப் பெரிய ஷாக், கனமான உடம்பு, எந்தப் பள்ளத்தையும் விழுங்கிவிடும். மஞ்சள் வண்டி அதைவிட லேசு, ஷாக்கும் சின்னது. நான் மூன்று வாரம் கைபேசியில் படித்துத் தள்ளினேன், ஊர் பேர் தெரியாதவர்கள் விழுந்த கதைகளையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு சாம்பலுக்காக வாதாடினேன். அண்ணி இரண்டையும் கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் இரண்டு சுற்று ஓட்டினார். மஞ்சள் வண்டியை நிறுத்திவிட்டு, "இதுதான்" என்றார். "அது நல்லாதான் இருக்கு. ஆனா அது என்னையத் தூக்கிட்டுப் போவுது. இதுல நான் ஓட்றேன்." எனக்கு ஆத்திரமாக வந்தது. "அப்புறம் விழுந்தா என்னையச் சொல்லாதீங்க அண்ணி" என்றேன். கடைக்கார அங்கிள் சீனர், எங்களுடன் மலாயில்தான் பேசுவார், ஆனாலும் அது அவருக்குப் புரிந்துவிட்டது போலச் சிரித்தார்.

ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஊருக்கு வெளியே பழைய ரப்பர் மரங்களுக்குள் ஏறி இறங்கும் தடம் அது. ஞாயிறு காலையில் போவோம், எனக்கு அண்ணி வீட்டில் விட்டுவைத்திருந்த ஒரு பழைய சைக்கிள், வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து தோசை சாப்பிடுவோம். அந்த ஞாயிற்றுக்கிழமை முந்தின நாள் மழை பெய்து தரை ஊறிக் கிடந்தது. அண்ணிக்கு அந்த வாரம் முழுக்கக் கூடுதல் ஷிஃப்ட். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. பக்கத்தில் வந்துகொண்டிருந்த நான் கையை நீட்டி அவர் வண்டியின் நீல லீவரை மூடிவிட்டேன். "நான் பாத்துக்கறேன், நீங்க மிதிங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

உச்சிக்கு வந்ததும் எனக்கு அந்தச் சந்தேகம் வந்து தொலைத்தது. கேஸ் அடுப்பை அணைத்தேனா? பக்கத்து வீட்டு ஆன்டியிடம் என் மாற்றுச் சாவி ஒன்று உண்டு. அவரைக் கூப்பிட்டு, தயவுசெய்து உள்ளே போய்ப் பாருங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அண்ணி கையைக் காட்டிவிட்டு இறங்க ஆரம்பித்தார். அடுப்பு அணைந்துதான் இருக்கிறது என்று ஆன்டி சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீழே இரும்பு கல்லில் மோதும் சத்தம் கேட்டது.

படிக்கட்டு போல மூன்று கல். அதன்மேல் பின்சக்கரம் எகிறி அண்ணியை முன்னால் தூக்கி எறிந்திருந்தது. வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். முகமெல்லாம் சேறு. என்னைவிட அவர்தான் நிதானமாக இருந்தார். "மணிக்கட்டு போச்சு. தோளும்தான்னு நெனக்கிறேன். ஹெல்மெட்ட கழட்டாத. அழாத, போன் பண்ணு" என்றார். பண்ணினேன். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருக்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர்களுக்கு வழி வேண்டுமே என்று மஞ்சள் வண்டியைத் தூக்கி ஓரமாக வைக்கப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். நீல லீவர் மூடியே இருந்தது.

நான் என்ன செய்தேன் என்பதை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். வருகிறவர்கள் இன்னும் வளைவு தாண்டவில்லை. பெருவிரலால் தள்ளினேன். டக்.

மருத்துவமனையில் மணிக்கட்டுக்குள் தகடு வைத்தார்கள். தோளுக்குக் கட்டுப் போட்டார்கள். அண்ணன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாப்பா அன்னைக்கே சொன்னா, பெரிய ஷாக் உள்ளத எடுன்னு. கேட்டியா நீ?" என்று குரலை உயர்த்தினான். நான் அப்போது அண்ணிக்காக ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "என் தப்புதாங்க. பாப்பா பேச்சக் கேட்டிருக்கணும்" என்றார் அண்ணி. உச்சியில் நான் லீவரைத் திறந்துவிட்டேன் என்றே அவர் நம்பியிருந்தார். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். நான் ஒரு சுளையை எடுத்து அவர் வாயில் கொடுத்தேன். அம்மா போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். உண்மை தெரிந்தால் அந்தக் கதவும் மூடிவிடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

மஞ்சள் வண்டியை யாரோ வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஐந்து மாதம் அண்ணியால் ஊசி பிடிக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தடத்துக்குப் பதிலாக நான் அவர் வீட்டுக்குப் போய்த் தலை பின்னிவிட்டேன். கை தேறி வேலைக்குத் திரும்பினார். ஆனால் திரும்பி வந்தது பழைய அண்ணி இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் நர்ஸைக் கூப்பிட்டு, "இது சரியா பாரேன்" என்று கேட்கிறாராம். பாசாரில் மீன் முன்னால் நின்று, "நீ பாத்து எடு பாப்பா, நான் எடுத்தா சரியா வராது" என்றார். ஜன்னல் திரை, மகளுக்குப் பள்ளிக்கூடம், குளியலறைச் சுவருக்கு ஓடு, எல்லாவற்றுக்கும் என்னைக் கேட்டார். ஓட்டுக்குப் பச்சை நிறம் நான் சொன்னதுதான். அண்ணியும் நாத்தனாரும் இப்படி ஒற்றுமையா என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று ரயில் ஏறுவேன். முறுக்கைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவேன்.

போன வருடம் ஒரு நாள் அலுவலகத்துக்கே போன் செய்தார். "தோளு இப்பத்தான் முழுசா சரியாச்சாம், டாக்டர் ஓட்டலாம்னுட்டாரு. சைக்கிள் பாக்கப் போலாம் வா" என்றார். பழைய அண்ணியின் குரல். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. அடுத்த வாக்கியத்தில் அத்தனையும் வடிந்துபோனது. "நீயே எடுத்துக் குடுத்துரு. நான் எடுத்தா தப்பாத்தான் எடுப்பேன்."

அதே கடை. அங்கிளுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. இந்த முறையும் இரண்டு வண்டிகளைக் காட்டினார். கறுப்பு வண்டி பெரிய ஷாக்குடன் கனமாக நின்றது. சிவப்பு வண்டி லேசானது. இரண்டிலும் அதே மாதிரி லீவர். அண்ணி எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் அறைக்கு வெளியே காத்திருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கண் மட்டும் சிவப்பு வண்டிக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு தடவை எழுந்து அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

சிவப்பையே நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கோழைக்கு எப்போதும் ஒரு யோசனை தயாராக இருக்கும். ஆனால் அப்படிக் கொடுத்தாலும் அது நான் எடுத்த சைக்கிள்தானே? அந்த ஸ்டூலிலிருந்து அவர் எழுந்திருக்கவே மாட்டாரே. ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றேன்.

"அண்ணி, அன்னைக்கு லீவர் மூடியிருந்துச்சு. மேடு ஏறுறப்ப நான்தான் மூடுனேன். தொறக்க மறந்துட்டேன். நீங்க விழுந்ததுக்கப்புறம் நானே தொறந்து வெச்சேன். சைக்கிள் மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க எடுத்தது சரிதான்."

அங்கிளுக்கு என்ன புரிந்ததோ, ஒரு சங்கிலியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்விட்டார். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் பாக்கறதுக்கு முன்னாடியே தொறந்துட்டியா?"

"ஆமா அண்ணி."

"ஏழு வருஷம். ஊசியக் கையில எடுத்தாலே கை நின்னு நின்னு போச்சு பாப்பா. எனக்குக் கண்ணே அவிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்." மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தப் பச்சை ஓடு எனக்குப் புடிக்கவே இல்ல, தெரியுமா? தெனமும் குளிக்கறப்ப அதத்தான் பாத்துக்கிட்டு நிக்கறேன்" என்றார்.

எழுந்தார். கைப்பையை என் கையில் திணித்தார். கறுப்பு வண்டியைச் சந்தில் இரண்டு சுற்று ஓட்டினார், பிறகு சிவப்பு வண்டியை இரண்டு சுற்று. "இதுதான்" என்றார் அங்கிளிடம். என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "இந்த லீவர நீ தொடக்கூடாது. நான் செத்துக் கெடந்தாலும் தொடக்கூடாது." பையைப் பிடுங்கிக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். நான் நடந்து போய் ரயிலைப் பிடித்தேன்.

மூன்று வாரம் போன் இல்லை. நானும் செய்யவில்லை, எந்த முகத்தோடு செய்வது? சோறு இறங்கவில்லை. அலுவலகத்தில் ஒரே பத்திரத்தை நான்கு தடவை சரிபார்த்தேன். அந்த மூன்று வாரமும் கேஸ் அடுப்பு ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. நான்காவது சனிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டார். "நாளைக்கு ஏழு மணிக்கு ரப்பர் காட்டுக்கு வா. ஒங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு நாள் கத்துனாரு. அப்புறம் சாப்பாடு போடுன்னு உக்காந்துட்டாரு" என்றார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்று கேட்டேன். "ஓடு ஒடைக்கறாங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

மறுநாள் ஏற்றத்தின் அடியில் அண்ணி தன் கையாலேயே லீவரை மூடினார். முன்னால் அவர், பின்னால் நான். உச்சியில் நிறுத்தினார், தண்ணீர் குடித்தார், கையுறையை இழுத்துவிட்டார், பெடலில் கால் வைத்தார். எதிரே அந்த இறக்கம். அதே மூன்று கல். லீவர் மூடியே இருந்தது.

என் கை தானாக எழுந்தது. தொடக்கூடாது. மறந்துவிட்டாரா? நான் சொன்னால் கோபம் வருமா? இப்போதுதான் கூப்பிட்டிருக்கிறார், மறுபடி கெடுத்துக்கொள்ளப் போகிறேனா? முன்சக்கரம் நகர்ந்தது.

"அண்ணி, லீவர்!"

என் குரல் காடு முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணி பிரேக்கைப் பிடித்து நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும். சொல்றியான்னு பாத்தேன்" என்றார்.

கையைக் கீழே விட்டுத் தள்ளினார். டக்.