ஒடியல் மாவோடு கடல் பார்க்கப் போனோம்

கல்யாணத்துக்குப் பிறகு முதல் பயணம். கடல் பார்க்கவென்று வவுனியாவிலிருந்து இரண்டு நாள் கொழும்புக்கு வந்தோம். வெளிக்கிட முதலே இவர் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் வீட்டுக்கு ஐந்து பார்சல் வந்தது. எல்லாம் கொழும்புச் சொந்தங்களிடம் சேர்க்க வேண்டியவை.

நேற்று முழுக்க வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் பார்சல் கொடுத்தோம். இன்று கொட்டாஞ்சேனை. லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் நாலாம் மாடிவரை கடைசிப் பார்சலை, காய்ந்த பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவை, சுமந்து ஏறினோம்.

இவருடைய மாமி பையைத் திறந்து பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, இதை ஏன் காவிக்கொண்டு வந்தனீங்கள்? வெள்ளவத்தையில எல்லாக் கடையிலயும் இருக்குதே!"

படி இறங்கும்போது இவரிடம் கேட்டேன்.

"அப்ப கடல்?"

"நேற்று ஆட்டோவில போகேக்க ஒழுங்கை முடிவில தெரிஞ்சதுதானே. வடிவா இருந்ததெல்லே?"

இருந்ததுதான். சரியாக நாலு செக்கன்.

இப்போது திரும்பும் பஸ்ஸில் இருக்கிறேன். மடியில் மூன்று பார்சல். திரும்புவதையும் இவர் ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார்.

சொந்தக்காரர் ஒருவரும் இல்லாத கடற்கரை தெரிந்தவர்கள் கொமென்டில் சொல்லுங்கள். தயவுசெய்து இவரை டெக் பண்ண வேண்டாம்.