நங்கை காரிலேயே உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை

கார் முழுக்கத் தேங்காய் பன் வாசம்...

சூலூர் தாண்டுவதற்குள் அண்ணன் ஒரு பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி, சூடாக ஒரு பை நிறைய வாங்கிவிட்டார். பின் சீட்டில் என் மகளும் மகனும் நங்கை மேல் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு தின்றார்கள். நங்கையின் புதுச் சேலையெல்லாம் பன் தூள். நான் பதறினால், "அது கெடக்குது உடு கண்ணு, தட்டுனா போயிரும்" என்று சிரித்தார்.

நங்கை என்றால் என் அண்ணன் மனைவி. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன், உங்கள் ஊரில் அண்ணி. பல்லடம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி எவ்வளவோ வருடமாகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் பிள்ளைகள் இரண்டுமே அண்ணன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டன.

அப்போது மகள் எல்.கே.ஜி., மகன் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தான். கோயமுத்தூரில் குழந்தைகளுக்கென்றே ஒரு மியூசியம் திறந்திருக்கிறார்கள் என்று ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே பேச்சு. எதையும் தொடலாமாம், ஏறலாமாம், தண்ணீரில் விளையாடலாமாம். நான் உடனே பிளான் போட ஆரம்பித்துவிட்டேன். மாற்றுத் துணி, சின்னவன் தூங்கும் நேரம், மதியச் சாப்பாடு என்று ஒன்று விடாமல் யோசித்தேன்.

நங்கையையும் கூப்பிட்டேன்.

எங்கள் பக்கம் ஒருவரைக் கூப்பிட்டால் முதல் தடவையே சரி என்று சொல்ல மாட்டார்கள். அது மரியாதை. கூப்பிடுகிறவர்கள்தான் விடாமல் கூப்பிட வேண்டும்.

"நமக்கெதுக்கு கண்ணு? பொடுசுக பாக்கற எடம். நீங்க போயிட்டு வாங்க."

"நீங்க வரலீன்னா நாங்களும் போகலீங்க நங்கை."

"கோழிக்குத் தீனி வெக்கோணுமே கண்ணு..."

"வெச்சுப்போட்டு வாங்க. பசங்க அத்தை வரோணும்னு ஒரே அழுகைங்க."

கடைசியில் வந்தார்கள். பண்ணைக்கு ஆள் போட்டுவிட்டு, விடிகாலையில் கிளம்பி, தலை நிறைய மல்லிகைப் பூவோடு நங்கை வந்து இறங்கியதை இப்போது நினைத்தாலும்...

நான் ஆன்லைனில் எடுத்திருந்தது ஃபேமிலி டிக்கெட். இரண்டு பெரியவர்கள், இரண்டு குழந்தைகள். அண்ணனுக்கும் நங்கைக்கும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். எல்லாவற்றையும் யோசித்தவள் டிக்கெட் எடுத்த பக்கத்தில் போட்டிருந்த விதியை மட்டும் படிக்கவில்லை.

பிள்ளைகள் கையில் கலர் பட்டை கட்டியதும் மகள் உள்ளே இழுத்தாள். நானும் வீட்டுக்காரரும் பாதி வாசலுக்குள் போய்விட்டோம். பின்னால் கவுன்ட்டரில் அண்ணனும் நங்கையும். அங்கிருந்த பெண் நல்ல பெண்தான். சிரித்த முகமாகத்தான் கேட்டாள்.

"ரெண்டு டிக்கெட்டாங்க அக்கா? உங்க குழந்தை எங்கீங்க?"

நங்கை உள்ளே ஓடும் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"குழந்தை இல்லாம பெரியவங்கள மட்டும் உள்ள விடறதில்லீங்க, ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவங்கதானுங்க. பாப்பாவக் கூட்டிட்டு வந்துருங்க, டிக்கெட் தர்றேன்."

"உள்ள போயிருச்சுங்க" என்றார் நங்கை.

அவ்வளவுதான். வரிசையை விட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். அண்ணன் எடுத்த பர்ஸை மறுபடி பையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடி வந்தேன். "நங்கை, நீங்களும் அண்ணனும் பசங்களக் கூட்டிட்டுப் போங்க. நாங்க வெளிய இருக்கறோங்க" என்றேன். அந்தப் பெண்ணும், "அப்படிப் போகலாங்க" என்றாள்.

"வேண்டாங் கண்ணு. சின்னவன் உன்னக் காணமுன்னு அழுவான். நீங்க போயிட்டு வாங்க."

உள்ளே இருந்து மகன் அலறினான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான், "சரிங்க நங்கை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

வீட்டிலிருந்து கிளப்புவதற்கு அத்தனை தடவை வற்புறுத்தத் தெரிந்தவளுக்கு, அந்த வாசலில் இரண்டாம் தடவை சொல்ல வாய் வரவில்லை. அங்கிருந்து ஓடிப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

உள்ளே என்ன பார்த்தேன் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீரில் ஆடினார்கள், பெரிய பெரிய சோப்பு நுரைக் குமிழி விட்டார்கள். நான் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தால் இருவரும் காரில். வெயிலுக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நங்கை காத்திருந்தார். "என்னென்ன பாத்தீங்க, அத்தைக்கிட்டச் சொல்லுங்க" என்று பிள்ளைகளை வாரிக்கொண்டார். வழியெல்லாம் அவர்கள் பேச்சுத்தான். பெரியவர்கள் நாங்கள் நாலு பேரும் அந்த வாசலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது பொருட்காட்சிக்கு வேன் பிடித்துப் போவோம். சித்தப்பா, பெரியம்மா, பக்கத்து வீடு என்று ஒரு கும்பல். யார் பிள்ளை யார் தோளில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். இந்தக் காலத்தில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அந்த விதி வேண்டும்தான். ஒத்துக்கொள்கிறேன். அதைப் படிக்காத என்மேல்தான் எனக்குக் கோபம்.

இப்போது மகன் ஒன்றாம் வகுப்பு. போனதே அவனுக்கு ஞாபகமில்லை, பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு அங்கே போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். இந்தத் தடவை நங்கைக்குத் தெரியாமலே போய்வந்துவிடலாம் என்று பிளான் போட்டேன். கூப்பிட்டால் அந்த வாசல். கூப்பிடாமல் இருப்பது அதைவிடக் கேவலம். தெரிந்தேதான் செய்தேன்.

பையன் போனில் மாமனிடம் உளறிவிட்டான்.

நேற்று நங்கை கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, ஞாயித்துக்கெழம மியூசியம் போறீங்களாமா?"

"ஆமாங்க நங்கை... அது வந்துங்க..."

"நாங்களும் வாரோம் கண்ணு. உள்ள வல்ல. கார்லயே உக்காந்துக்கறோம். பொடுசுக வெளிய ஓடி வாறப்ப அதுக மொகத்தப் பாக்கோணும், அவ்வளவுதான். அன்னைக்கு நடந்ததையே நெனச்சுட்டு நீ சங்கடப்பட்டுட்டு இருக்காத."

கூனிக் குறுகிப்போனேன். ஆறுதல் சொல்லியிருக்க வேண்டியவள் நான். இத்தனை வருடம் கழித்து அவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.