விட்டுப்போன இரண்டு பட்டைகள்

ரோஸ்லின் டீச்சர் போய்விட்டார் என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் எட்டாம் வகுப்புத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பையன் இரண்டரையை மூன்றரையால் பெருக்கி ஆறேகால் என்று எழுதியிருந்தான். முழு எண்ணை முழு எண்ணோடும் அரையை அரையோடும் பெருக்கியிருக்கிறான். சிவப்புப் பேனாவை வைத்துவிட்டேன். நம் நிக்டி பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்குக் காரணம் தெரியும்.

இந்தத் தப்பைக் கண்டால் அவர் கரும்பலகைக்குப் போகமாட்டார். வராந்தாவில் சாக்பீஸால் மூன்றரை மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலத்துக்குக் கட்டம் போடுவார். ஆறு முழுச் சதுரத்திலும் மூலையில் இருக்கும் கால் சதுரத்திலும் பிள்ளைகளை நிறுத்துவார். ஆறேகால் ஆயிற்று. ஆனால் ஓரத்தில் இரண்டு பட்டைகள் காலியாகக் கிடக்கும். "இந்த இடமெல்லாம் யார் வீட்டுது?" என்பார். பிள்ளைகள் கத்திக்கொண்டு அதில் குதிப்பார்கள். அந்தப் பட்டைகளின் ஒன்றரையும் ஒன்றும் ஆறேகாலோடு சேர்ந்து எட்டேமுக்கால் வந்துவிடும்.

இயற்கணிதம் வந்தால் இதை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஒரு பக்கம் x கூட்டல் அரை, மறுபக்கம் y கூட்டல் அரை என்று எழுதி, அதே கட்டத்தைப் போட்டார். "நீளம் தெரியலைன்னா என்ன சார், பட்டை காணாமப் போயிடுமா?" என்று என்னையே கேட்டார்.

நான் கணிதத் துறைத் தலைவர். பாடம் பின்தங்குகிறது என்று பெற்றோர் சொன்னார்கள். தகாபின்னமாக மாற்று, பெருக்கு, சுருக்கு. இதற்கு ஒரு வாரமா என்று எனக்கும் எரிச்சல். ஒருநாள் துப்புரவு வேலை செய்யும் மாவ்ஷியைக் கூப்பிட்டு, "யே சப் தோ டாலோ" என்று வராந்தாவைக் கழுவச் சொன்னேன். கட்டத்துக்குள் பிள்ளைகள் நின்றார்கள். டீச்சர் சத்தம் போடவில்லை. "பிள்ளைங்க வெளிய வந்துரட்டும் சார், அப்புறம் ஊத்தச் சொல்லுங்க" என்றார். ஒவ்வொருவராகக் கைபிடித்து வெளியே கொண்டுவந்தார்.

அடுத்த ஆண்டு அட்டவணையில் அவருக்கு எட்டாம் வகுப்பு இல்லை. யாராவது லீவு போட்டால் போய் உட்காரும் பீரியடுகள்தான். கையெழுத்து என்னுடையது.

"ஒரே ஒரு எட்டாம் கிளாஸ் குடுங்க சார், அது போதும்."

"அடுத்த வருஷம் பாக்கலாம் டீச்சர்."

அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். பிறகு அவர் உடம்பு முடியாமல் லீவில் போனார். வரும் ஜூன் அட்டவணையில் எட்டாம் வகுப்புக்கு நேராக அவர் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். பேனாவால் எழுதிய பிறகு நேரில் போய்ச் சொல்லலாம் என்றிருந்தேன். நான் இருக்கும் வாகட்டிலிருந்து அவருடைய கட்கி வீட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடக்கத்துக்குத்தான் போனேன். நல்ல மரணம், கஷ்டப்படவில்லை என்றார்கள். எதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க இனி வழியே இல்லை.

பிள்ளைகளைக் கைபிடித்து வெளியே கொண்டுவந்தாரே, அவரைப் பற்றி என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு காட்சிதான். மேசைமேல் தாள்கட்டு அப்படியே கிடக்கிறது. பாதித் தாள்களில் அதே ஆறேகால். எல்லாரும் நான் பாடம் எடுத்த பிள்ளைகள். அவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழியைத்தான் அன்று நானே கழுவிவிடச் சொன்னேன்.