சுப்ராவின் முறை

அருளப்பன் போய்விட்டார் என்று கமலாதான் போன் செய்தாள். "அண்ணே, காலையில காப்பி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவரு..." என்றாள். பாடாங் செராயில் அந்தக் காலத்தில் அவரிடம் டைப்பிங் படித்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஓர் எழுத்து பிசகினால் தாளைக் கிழித்துப்போட்டு, முதலிலிருந்து அடிக்கச் சொல்கிற மனுஷன். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான் அவருக்குச் சிநேகிதன் என்பதைவிட, அவரிடம் அகப்பட்டுக்கொண்டவன் என்பதே பொருத்தம்.

எண்பதுகளின் கடைசியில் பினாங்கிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். பாடம் நடத்தத்தான். கூடவே ஒரு விளையாட்டும் வந்தது. வாளும் மந்திரமும் வைத்துக்கொண்டு கூட்டமாகக் குகைக்குள் இறங்கிப் பூதங்களோடு மோத வேண்டும். ஆறு பேரை அனுப்பலாம். அருளப்பன் நாலு பேர் போதும் என்று எங்கள் பெயர்களையே வைத்தார்: அவர், நான், அவர் வகுப்பில் டைப்பிங் சொல்லிக்கொடுத்த கமலா, அவள் புருஷன் சுப்ரா. செத்தவனை அந்த விளையாட்டிலேயே ஒரு கோயிலில் எழுப்பலாம்; ஆனால் நாம் எழுப்பக் கூடாது என்றார். சண்டை நடக்கும்போது மெஷினை அணைக்கக் கூடாது. அவனவன் முறை வந்தால் அவனவன்தான் கீயைத் தட்ட வேண்டும்.

"விளையாட்டுக்கு எதுக்குய்யா இவ்வளவு கெடுபிடி?" என்று எரிந்து விழுந்தேன்.

"சாவு சாவா இருக்கணும்லா. இல்லாட்டி பயம் எங்கேருந்து வரும்?" என்றார்.

ஒரு சனிக்கிழமை மாலை, சண்டை மும்முரமாக நடக்கும்போது சுப்ராவுக்குப் பசித்துவிட்டது. "அடுத்தது என் முறை. எவனும் தொடாதீங்க, சாப்பிட மீ வாங்கிட்டு வந்துடுறேன்" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தான். கூலிம் சாலையில் ஒரு லாரி. அவன் திரும்பி வரவில்லை.

எல்லாம் முடிந்து நாங்கள் டைப்பிங் வகுப்புக்குத் திரும்பியபோது மெஷின் அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. திரையில் சுப்ராவின் பெயர். பக்கத்தில் ஒரு கட்டம் மின்னி மின்னி, என்ன செய்யப் போகிறாய் என்று அவனைக் கேட்டுக்கொண்டிருந்தது. அணைத்துத் தொலையுங்கள் என்றேன். கமலா விடவில்லை.

கருமாதிக்குப் பிறகும் தினமும் வந்தாள். கீபோர்டு பக்கத்தில் ஒரு கிளாஸ் காப்பி வைப்பாள். "ஆறுறதுக்குள்ள வந்துடுவாரு" என்பாள், எங்களைப் பார்க்காமலே. வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கு அழுது அழுது தொண்டை கட்டியது. அவளுக்கும் உடம்பில் எலும்புதான் மிச்சம். பிள்ளையும் போய்விடுமோ என்று நான் பயந்தேன். அந்த மாதம் முழுக்க ஒருநாள்கூட கரண்ட் போகவில்லை. பாடாங் செராயில் அதுவே அதிசயம்.

ஒரு சாயங்காலம் அருளப்பன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தன் சட்டத்தை ஒருநாளும் மீறாத மனுஷன், சுப்ரா தட்ட வேண்டிய கீ மேல் விரலை வைத்தார். திரையில் சுப்ரா வாளை ஓங்கினான். பூதம் திருப்பி அடித்தது. அவன் பெயருக்கு நேரே செத்தான் என்று வந்தது.

"கோயில்ல எழுப்பலாமேண்ணே" என்றாள் கமலா.

"கூடாதும்மா" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்போதுதான் அவள் அழுதாள், புருஷன் செத்த நாளிலிருந்து முதல் தடவையாக. பிறகு காப்பியை வெளியே கொட்டிவிட்டுப் பிள்ளையிடம் போனாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனபோது இந்தப் பேச்சு வந்தது. "நல்ல காரியம் செஞ்சீங்க" என்றேன். அவர் தன் விரலைப் பார்த்தார். "வெச்சேன். அழுத்தல. அழுத்த மனசு வரல. கீ தானா கீழ போச்சு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் அவர்.

நேற்று கல்லறையில் கமலா பூவைப் போட்டு, "எனக்காக எம் புருஷன வழியனுப்பிவெச்சீங்களேண்ணே" என்று கும்பிட்டாள். அருளப்பன் எனக்கு விட்டுப்போனது, கீ தானா கீழ போச்சு என்ற அந்த ஒரு வாக்கியம்தான். கமலா இருக்கும்வரை அது நம்மோடு இருக்கட்டும்.