காணிப்பாக்கத்தில் கிடைத்த ஹெல்மெட்

இன்று காலை காணிப்பாக்கத்தில் என் கொழுந்தனுடைய ஹெல்மெட் கிடைத்தது.

அது அங்கேதான் தொலைந்தது என்பது அவனுக்கே தெரியாது.

கொழுந்தன் பேர் தாமு. வயது இருபத்து நாலு. ஊர் பங்காருபாளையம், வேலை ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில். (மீதி நேரத்தில் பாட்டில் காலி செய்யும் வேலை.)

நாராயணவனத்துப் பெண் புவனாவுக்கு இவனைப் பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்காதீர்கள், நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். உகாதிக்கு முன்னாலேயே ஒரே கண்டிஷன் போட்டாள். காணிப்பாக்கம் பிள்ளையார் முன்னால் இனி குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும், அப்புறம்தான் கல்யாணப் பேச்சு.

எங்கள் பக்கத்தில் அந்தச் சத்தியத்துக்கு மேல் அப்பீல் கிடையாது. குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு சொன்னதை மீறினால் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்று பெரிய பெரிய ரவுடியே பயப்படுவான்.

சாட்சிக்கு நான் போனேன்.

தேங்காய் வாங்க ஒரு கடையில் நின்றோம். கடைக்காரர் தாமுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம் தம்முடு, திரும்பவும் சத்தியமா?"

"நானா? இப்பதாண்ணா முதல் தபா வரேன்."

"உகாதி கழிச்சி பசங்களோட வந்தியே. நிக்க முடியல உனக்கு. உள்ள விடமாட்டாங்கன்னு குளத்தாண்டயே நின்னு, கோபுரத்தைப் பாத்து இனிமே தொடமாட்டேன்னு கத்துன."

"அது வேற யாரோ."

கடைக்காரர் குனிந்து, தேங்காய் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்து வைத்தார். பின்பக்கம் தாமு என்று ஸ்டிக்கர். அவனே ஒட்டியது. ரூம்மேட் திருடிவிட்டான் என்று அந்தப் பையனோடு இதுவரை பேசாமல் இருப்பதும் இதே ஹெல்மெட்டுக்காகத்தான்.

தாமு உடனே ஒரு கூட்டாளிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் பதில் வந்தது.

"இன்னாடா, தெரியாத மாதிரி கேக்கற? சத்தியம் பண்ணிட்டா அப்பால தொடமுடியாது, கடைசியா ஒரு தபான்னு மூக்கு முட்டக் குடிச்சிட்டு, நீதானடா எங்கள இட்டுகினு போன. நல்லாத்தான் பேசிகினு வந்த."

விடுவேனா நான்?

"சத்தியத்துக்கு சைட் டிஷ் இன்னாடா துன்ன? தாலி கட்டினதாவது நெனப்பிருக்குமா, இல்ல மறுநாள் யாரும்மா நீன்னு கேப்பியா?"

எப்போதும் பதிலுக்குப் பதில் பேசுகிறவன், இன்று சிரிக்கவில்லை.

"அண்ணி, வந்த வழி கூட நெனப்புல இல்ல. இந்த மாதிரி வேற எதெல்லாம் போயிருக்கும்?"

பார்க்கப் பாவமாக இருந்தது. "சரி வுடு. புவனாவுக்குத் தெரியவா போவுது? முழுகிட்டு, உள்ள போய் சொல்லிட்டு வா" என்றேன்.

அவன் குளத்துப் பக்கம் போகவில்லை. பிறகு அவனாகவே புவனாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் திட்டவில்லை. எனக்கு ஒரு சந்தேகம், போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, மறந்துட்டான், சரி. ஹெல்மெட்டைக் கண்ணால பாத்தப்புறமும் ஏன் நெனப்பு வரல?"

"இது மறதி இல்லக்கா. ஒரேடியா அவ்ளோ குடிச்சா, நடக்கறது மூளையில பதியவே பதியாது. ஆள் பேசுவாரு, நடப்பாரு, உள்ள ஒண்ணும் நிக்காது. இல்லாதது எப்படித் திரும்பி வரும்? அதுவும் இந்த வயசுல மூளை இன்னும் முழுசா முதிர்ந்திருக்காது. குடிச்சிகினே இருந்தா புதுசா கத்துக்கறது, யோசிக்கறது எல்லாம் மந்தமாவும்."

"அதான் சூப்பர்வைசர் காலையில சொல்லிக்குடுத்த வேலைய இவன் மத்தியானம் மறுபடி கேக்கறானா?"

"குடிக்காத நாள்லயுமா?" என்றாள் புவனா.

தாமு மெதுவாக, "ஆமா" என்றான்.

அந்தப் பக்கம் புவனா யாரிடமோ டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

"சத்தியம் அப்புறம் பாத்துக்கலாம். இப்பவே இங்க இட்டுகினு வாங்கக்கா. இவ்ளோ குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா உடம்புக்கு ஆவாது. டாக்டரைக் கேட்டு நிறுத்தட்டும்."

மத்தியானம் திருப்பதி. டாக்டர் தாமுவிடம் சாவி, பஸ், மாங்காய் என்று மூன்று வார்த்தை சொல்லி, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். வேறு ஏதேதோ பேசிவிட்டு, திடீரென்று அந்த மூன்றையும் கேட்டார்.

"சாவி... பஸ்..."

அவ்வளவுதான்.

மாங்காய்க்குப் பேர்போன பங்காருபாளையத்தான். மாங்காய் மண்டியிலேயே வளர்ந்தவன். எனக்குக் கிண்டல் தொண்டை வரைக்கும் வந்தது. புவனாவின் முகத்தைப் பார்த்து முழுங்கிவிட்டேன்.

"இந்த வயசுல நிறுத்தினா நிறையவே தேறும். எவ்வளவுன்னு நிறுத்தினாதான் தெரியும்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் நானே கேட்டேன். "கல்யாணப் பேச்சு என்னம்மா ஆச்சு?"

"முதல்ல மாங்கா வரட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு வார்டுக்குப் போய்விட்டாள்.

பஸ்ஸில் தாமு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் மறுபடி சொல்லிக்கொடுத்ததை, சாவி, பஸ், மாங்காய் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. மூளையில் பதியாத சத்தியத்தைப் பிள்ளையார் சத்தியமாக எடுத்துக்கொள்வாரா, மாட்டாரா?

தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.

மாங்காய் என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். அவன் படிப்பான், அடுத்த தடவை டாக்டர் கேட்கும்போது அது காப்பி அடித்தது போல ஆகிவிடும்.